மூவாயிரம் டிகிரிக்கு ஒரு வாளி மணல்

கூச்சக்காரர்கள் பேசி மாட்டிக்கொள்வதில்லை, செய்து மாட்டிக்கொள்வார்கள். நான் அந்த ரகம்.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் எனக்கு வேலை (தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்). அங்கே முதலில் சொல்லித்தருவது ஒன்றுதான்: கருகல் வாடை வந்தால் யோசிக்காதே, மணலைக் கொட்டு. அந்தப் பழக்கத்தில் வீட்டு அடுப்பங்கரையிலும் ஒரு வாளி மணல் வைத்திருப்பேன்.

என் மகள் செல்வி கண்ணாடியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். உலையும் கிடையாது, நெருப்பும் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் சில ஆயிரம் அணுக்களைக் கணக்காகவே வைத்து, உருக்கி, ஆறவைக்கிறாள். இடையில் எர்பியம் என்ற அபூர்வ உலோகத்தைக் கொஞ்சம் கலக்கிறாள். கண்ணாடிக்குள் அது எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் கேள்வி. கடலுக்கடியில் ஒளியாகப் போகும் நம் போன் பேச்சு, வழியில் மங்கிவிடாமல் தூக்கிவிடுவது அந்த எர்பியம்தானாம். நான் வாயை மூட மறந்து கேட்டேன்.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் முடிவைக் காட்ட வேண்டும். வாரக்கணக்கில் ஓடிய கணக்கு முடியும் தறுவாயில் இருந்தது. சூடு தணிய, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, எதிரே ஃபேனைத் திருப்பி வைத்திருந்தாள்.

“எம்மா, கடைக்குப் போயிட்டு வாரேன். இதத் தொட்டுராத. உள்ள கண்ணாடி மூவாயிரம் டிகிரிலருந்து ஆறிக்கிட்டு இருக்கு.”

“ஏட்டி, மேசை தாங்குமா?”

“ஐயோ, அது கணக்குச் சூடும்மா! நெசச் சூடு இல்ல.”

புரிந்தது. மூளைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை.

அவள் போனதும் திரைமுன் உட்கார்ந்தேன். வண்ண வண்ண உருண்டைகள் நடுங்கிக்கொண்டே இடம் தேடின. கோயில் நடை திறந்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கருகல் வாடை வந்தது. பெட்டிக்குள் சிவப்பாக விளக்கு வேறு எரிந்தது. வாளி எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியாது. மணல் முழுவதும் பெட்டிக்குள் போயிருந்தது. திரை அணைந்தது. வாடை மட்டும் போகவில்லை.

அது நான் அடுப்பில் மறந்துவிட்ட பருப்பு.

செல்வி வந்து பார்த்தாள். “எம்மா, தீயே இல்லாத எடத்துல தீய அணைச்சிருக்கியே!” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு அவளே ஹார்ட் டிஸ்கைக் கழற்றினாள். அதைத் துண்டில் சுற்றி, பச்சைப் பிள்ளையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவளுடைய தோழி வீட்டுக்குப் போனேன். தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டாயிற்று.

தோழியின் கம்ப்யூட்டரில் மாட்டினாள். சற்று முன்புவரை சேமித்தது அப்படியே இருந்தது! விட்ட இடத்திலிருந்து அணுக்கள் மறுபடி நடுங்கத் தொடங்கின.

“பச்சையா நிக்குல்லம்மா, அதான் எர்பியம். சுத்தி செவப்பா நிக்கது ஆக்சிஜன்.”

வரிசை இல்லை, ஒழுங்கு இல்லை, திருவிழாக் கூட்டம்தான். ஆனாலும் ஒவ்வொரு பச்சையும் தன்னைச் சுற்றிச் சிவப்புகளைக் கூட்டிவைத்திருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

“இந்த மஞ்சள் என்னட்டி?”

“சிலிக்கான். அதுவும் ஆக்சிஜனும் சேர்ந்தா...” நிறுத்தி என்னைப் பார்த்தாள். அன்று முதல்முறையாகச் சிரித்தாள். “மணல்மா. நீ கொட்டுன அதே மணல்தான் உருகிக் கண்ணாடியாவுது.”

திங்கட்கிழமை அவள் முடிவைக் காட்டிவிட்டாள். நான்தான் இன்னும் தப்பவில்லை. செல்வி என்ன படிக்கிறாள் என்று யார் கேட்டாலும் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வார்: “மக கண்ணாடி செய்யுதா அண்ணாச்சி. சரக்கு சப்ளை எங்க வீட்டம்மா.”