டெட்பாடி அண்ணனை யார் தொடுவது?

திண்டிவனத்தில் டெட்பாடி அண்ணனைப் போல் அமர்க்களமாகச் சாகக்கூடிய ஆள் இதுவரை பிறக்கவில்லை. அவருடைய இடத்தில் நானே படுத்தால் என்ன என்ற யோசனை, போன வாரம் அவர் நிஜமாகவே சாகப் பார்த்த அன்று, ஆஸ்பத்திரி வராண்டாவில் எனக்கு வந்தது.

நான் விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றில் விஸ்காம் மாணவி. கோடை விடுமுறையில் எங்காவது இன்டர்ன்ஷிப் செய்தே ஆகவேண்டும். தோழிகள் சென்னைச் சேனல்களுக்கு ஓட, நான் திண்டிவனத்து வீதி நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஒத்திகை நடப்பது நிலக்கடலை மூட்டைகள் அடுக்கும் ஒரு பழைய மல்லாட்டைக் கிடங்கில். முதல் நாள் கதவைத் தள்ளினால், நட்ட நடுவில் ஒருவர் வாயைப் பிளந்து கிடக்கிறார். உதட்டில் ஈ. நான் அலறிய அலறலில் ஈ பறந்தது, அவர் அசையவில்லை.

"பயந்துக்காதம்மா, அது டெட்பாடி அண்ணன். ரிகர்சல் பண்றாரு," என்றார் குழுவை நடத்தும் செல்வி அக்கா.

"ஈ போயிடுச்சே பாப்பா," என்று கண்ணைத் திறக்காமலே வருத்தப்பட்டது பிணம். "நல்லா உக்காந்துக்கினு இருந்துச்சு."

அவருக்கு வேறு பெயர் இருந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டும்போதே கேட்பார்: "இன்னா டெட்பாடி, இன்னிக்கு எங்க சாவு?"

"வானூர்ல. நாளைக்குப் பெருமுக்கல்."

"நம்மூர்ல எப்போ?"

"தேதி இல்லப்பா. ஃபுல்லா புக் ஆயிடுச்சி."

செல்வி அக்கா ஒருமுறை அவருக்கு இன்ஸ்பெக்டர் வேஷம் கொடுத்துப் பார்த்தார். தொப்பி, மீசை, மூச்சுமுட்ட வசனம். அண்ணன் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பேசறதுக்கு ஊரே கீது செல்வி. கெடக்கறதுக்குத்தான் ஆளு இல்ல."

நாடகம் இவ்வளவுதான்: பைக் விபத்து. அண்ணன் சாலையோரம் விழுவார். நாங்கள் அவரைச் சுற்றி நின்று செல்போனில் படம் எடுப்போம், "ஐயோ பாவம்" என்போம், கிரிக்கெட் பேசுவோம். முடிவு கிடையாது. கூட்டத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் வந்து அவரைத் தொட்டால்தான் நாடகம் முடியும். குழு ஆள் தொடவே கூடாது. அது அண்ணன் போட்ட சட்டம். வானூரில், சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா ஒருவர் சாப்பாட்டுத் தூக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் போனைப் பிடுங்கி வீசினார். "படம் எடுக்கற மூஞ்சப் பாரு! காலத் தூக்குடி!" திரை சுக்குநூறு. அந்த மகிழ்ச்சியில் அண்ணன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். போன் வாங்கித் தரவில்லை.

அவர் நடிப்பில் எனக்கு ஒரே ஒரு குறை. துணிந்து சொல்லியும்விட்டேன்.

"அண்ணே, எல்லாம் சூப்பர். ஆனா மூச்சு விடறது அப்பட்டமா தெரியுது. நெஞ்சு ஏறி எறங்குது."

"தெரியணும் பாப்பா. எந்தம்பி பைபாஸ்ல அடிபட்டுக் கெடந்தப்ப எவனோ வீடியோ எடுத்திருக்கான். எனக்கே ஃபார்வர்டு வந்துச்சு. அதுல அவன் நெஞ்சு ஏறி எறங்கிக்கினுதான் இருந்துச்சு. சுத்தி இருந்தவன்லாம் டெட்பாடின்னு நெனச்சிக்கினு நின்னுட்டான்." டீயை ஊதி ஒரு வாய் குடித்தார். "நான் எந்த ஊர்லயும் செத்தது இல்ல."

போன வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு. கத்திரி வெயில், நடுப்பகல். அண்ணன் விழுந்தார். கூட்டம் சேர்ந்தது, போன்கள் உயர்ந்தன, யாரும் வரவில்லை. நாங்கள் பேசிய கிரிக்கெட் தீர்ந்தது, அரசியலும் தீர்ந்தது. "யாராச்சும் வாங்கப்பா," என்று வசனத்தில் இல்லாததைக் கெஞ்சினார் செல்வி அக்கா. நான் அண்ணன் நெஞ்சைப் பார்த்தேன். அது ஏறி இறங்கவில்லை. நாய்க்கு இரைப்பதுபோல் அடித்துக்கொண்டிருந்தது. உடம்பில் பொட்டு வியர்வை இல்லை.

ஓடிப் போய்த் தொட்டேன். தோசைக்கல்.

"நடிப்பு இல்லீங்க! நெஜமாவே மயங்கிட்டாரு! தூக்குங்க!"

கூட்டம் கைதட்டியது.

"இந்தப் பொண்ணு செமையா பண்ணுதுடா," என்றது ஒரு குரல்.

நான் அழுதேன். கைதட்டல் கூடியது. பூக்காரம்மா ஒருவர்தான் கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு வந்து, பூவுக்குத் தெளிக்கிற வாளித் தண்ணீரை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தார். "நடிப்போ நெஜமோ, தூக்குனா இன்னா கொறஞ்சா போயிடுவீங்க? ஜல்தியா ஆட்டோவக் கூப்புடுங்கடா!"

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிய பிறகு அண்ணன் கண் திறந்தார். காதோரம் ஒரு கனகாம்பரம் ஒட்டியிருந்தது.

"மொதல்ல யாரு தொட்டது?"

பூக்காரம்மா என்று சொல்லச் சொல்லி செல்வி அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"நாந்தாண்ணே," என்றேன்.

"அப்ப ஷோ ஃபெயிலு." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனி வெயிலில் படுத்தால் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வராண்டாவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை விழுப்புரத்துல நான் படுக்கறேன்."

"உனக்குச் சாக வராது பாப்பா."

"சாகப் போறதில்லண்ணே. மூச்சு விட்டுக்கினு கெடக்கப் போறேன்."

சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "யாரும் வரலைன்னா?"

"வர்ற வரைக்கும் கெடப்பேன்."

"நானும் வர்றேன். தொட மாட்டேன். சட்டம் சட்டந்தான்." மெல்ல என் பக்கம் திரும்பினார். "ஆனா கூட்டத்துல, எந்நெழலு உன் மூஞ்சி மேல உழற மாதிரி நின்னுக்கறேன்."