கையில் வந்த பந்தை உதைக்கும் மாப்பிள்ளை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம், என் முழங்காலும் நலம். நீங்களும் சம்பந்தியம்மாவும் நிம்மதியாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, உங்கள் மகன்தான் இங்கே என்னோடு இருக்கிறாரே. என் வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி வருவதற்கு நன்றி. கடிதம் கிடைத்ததும் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், நான் வந்துகொண்டிருக்கிறேன். போனில் பேசினால் பக்கத்து அறையில் அவர் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்து, குணமாகும்வரை என்று மகள் வீட்டுக்கு வந்தவன் நான். டாக்டரே போகலாம் என்று சொன்ன பிறகும் உங்கள் மகன் என்னைப் பிடித்து வைத்திருக்கிறார். எதை வைத்து என்கிறீர்கள்? வீடியோ கேமை வைத்து. "ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு ஆட்டம் என்னை ஜெயிங்க மாமா, நானே வண்டியில கொண்டுபோய் விடறேன். தோத்தா இன்னும் ஒரு வாரம் இங்கதான்" என்றார். நானும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டேன். துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவன். விரல் நுனியில் லிவரைத் தட்டி, கண்டெய்னரைப் பூ மாதிரி இறக்கியவன். ஒரு தடவைகூட விரல் வழுக்கியதில்லை. இந்தக் கன்ட்ரோலரில் இருக்கும் பட்டன்கள் என்னை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். வாராவாரம் தோற்றதுதான் மிச்சம்.

ஆட்டத்தின் பெயர் ரக்பி. முட்டை மாதிரி ஒரு பந்து. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி, எதிராளி கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். சரக்கு கைக்கு வந்தால் போய்ச் சேரும்வரை விடக்கூடாது, நான் பழகினது அப்படி. பந்தை முன்னால வீசக்கூடாதாம், ஆளுக்கு ஆள் பின்னால கொடுத்து, முட்டி மோதி, பாதி மைதானம் தாண்டியிருப்பேன், பந்து எப்படியோ உங்க மகன் கைக்குப் போயிடும். அவர் ஓடுவாரா? மாட்டார். ஒரே உதை. நான் பாடுபட்டு வந்த தூரம் பூரா என் தலைக்கு மேல பறந்து பின்னால போய் விழும். விழுந்தடிச்சு ஓடி எடுத்தா, என் கோட்டுக்குப் பக்கத்துலயே வச்சு அவரோட மொத்தக் கூட்டமும் என்னை அமுக்கும். அடுத்த தடவை வானத்தைப் பார்த்து உதைப்பார், பந்து மேல போய்க் குடித்தனம் நடத்திட்டுச் சாவகாசமா இறங்கும், அதுக்குள்ள அவர் ஆளுங்க வந்து மூஞ்சிக்கு நேரா நிப்பாங்க, என் ஆளு பதறிப்போய் நழுவ விட்டுடுவான். அதுவும் சலிச்சா தரையோட உருட்டி விடுவார், முட்டைப் பந்து, எந்தப் பக்கம் துள்ளும்னு அதுக்கே தெரியாது, என் ஆளுங்க மூக்குக்கண்ணாடியைத் தொலைச்சவங்க மாதிரி குனிஞ்சு தேடிக்கிட்டிருப்பாங்க.

"ஏன் மாப்பிள்ளை, கையில வந்ததை யாராவது உதைச்சுத் தள்ளுவாங்களா?"ன்னு கேட்டேன்.

"பந்து யார்கிட்ட இருக்குங்கிறது பெரிசில்ல மாமா. ஆட்டம் எந்தப் பக்கம் நடக்குதுங்கிறதுதான் விஷயம்."

மகள்கிட்ட முறையிட்டேன். துணி மடிச்சுக்கிட்டே, "ரூல்ல இருக்குப்பா, நீங்களும் உதைங்களேன்"ங்கிறா. பெத்த பொண்ணே கட்சி மாறிட்டா நான் எங்க போய்ச் சொல்றது? நான் உதைக்க மாட்டேன் சம்பந்தி. செத்தாலும் உதைக்க மாட்டேன். நீங்க தபால் ஆபீஸ்ல இருந்தவர், வந்ததை உரியவங்க கையில ஒப்படைச்சவர். உங்க பிள்ளை எங்க போய் இதைக் கத்துக்கிட்டார்? வாரம் பூரா சாப்பாட்டு மேஜையில ஒரு வார்த்தை பேசாத மனுஷன், ஞாயித்துக்கிழமை மட்டும் சோபாவுல ஒட்டி உக்காந்துக்கிட்டு மாமா, மாமான்னு என் உயிரை எடுக்கறார். என் வீட்டுல இந்தத் தொல்லையே கிடையாது. அங்க என்கூடப் பேச ஒரு ஆளு இல்ல.

இன்று சாயங்காலம் ஆட்டம். பெட்டியைக் கட்டி வாசல் கதவருகே வைத்துவிட்டேன். நீங்களும் சம்பந்தியம்மாவும் சகல சுகத்தோடும், உங்கள் மகன் கொஞ்சம் வெட்கத்தோடும் நெடுநாள் வாழ வாழ்த்தும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பி.கு.: ஆட்டம் முடிஞ்சுது. கடைசி நிமிஷம், ரெண்டு பேரும் சமம். பந்து என் ஆளு கையில, எதிர்ல ஒரு ஈ காக்கா இல்ல, கோடு கூப்பிடு தூரம். பக்கத்துல சத்தத்தையே காணோமேன்னு திரும்பினேன். மாப்பிள்ளை கன்ட்ரோலரை மடியில வச்சுட்டார். டிவியைப் பார்க்கல, கதவோரம் இருந்த என் பெட்டியைப் பார்த்துக்கிட்டிருந்தார். நான் உதைச்சுட்டேன். பந்து அவர் ஆளு கைக்கே போச்சு, அவர் கன்ட்ரோலரை எடுத்து, பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடி, முதல் தடவையா ஓடி, ஜெயிச்சார். ஜன்னலை மூடிடுங்க. வீட்டை வாடகைக்குக் கேட்டாரே அந்தத் தையல்காரர், அவர்கிட்டயே சாவியைக் கொடுத்துடுங்க. செடிங்களை மட்டும் யார் மூலமாவது இங்க அனுப்புங்க. மாப்பிள்ளைகிட்ட விரல் வழுக்கிடுச்சுன்னு சொல்லியிருக்கேன். கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க.