தோல்வார் காட்டிய அளவு

மோதிரம் ரைசாவின் விரல் கணுவிலேயே நின்றுவிட்டது. அங்கே ஆண்கள் சுற்றும் முகத்திரைத் துணிக்குள் வெள்ளிப் பத்தர் அகாலிக்கு வியர்த்துக் கொட்டியது.

"என்ன பத்தரே, இதை ஆட்டுக்குட்டிக்கா செஞ்சீங்க?"

"நீ விரலைச் சுத்தி முடிச்சுப் போட்டுக் குடுத்த தோல்வார் அளவுதான்!"

"அப்ப வார் சுருங்கியிருக்கும். இந்தா, வேற வார். டீ குடிச்சிட்டுப் போங்க."

பாலைவன ஊரான அகதேசில் யார் பெண் கேட்டாலும் தூது போவது வெள்ளிப் பத்தர்தான். இன்று லாரி ஓட்டும் இலத்தானுக்காக வந்திருந்தான் அகாலி. ஊருக்கெல்லாம் பெண் கேட்ட வாய்க்கு, தனக்காக ரைசாவைக் கேட்க மட்டும் மூன்று வருஷமாய் வரவில்லை. இப்போது இன்னொருவனுக்காக அவளையே கேட்க வேண்டியிருந்தது. என்ன செய்ய, தொழிலாயிற்றே.

பட்டறையில் இலத்தான் நிலைகொள்ளாமல் நின்றான். "அண்ணே, சாயங்காலம் அர்லித்துக்கு லோடு. மோதிரம் சேரலேன்னா சம்பந்தமும் சேராதுன்னு எங்கம்மா சொல்லும். சீக்கிரம்ணே!"

உருக்கி, ஊற்றி, அச்சை உடைத்து, அராவி ஓடினான் அகாலி. இரண்டாவது மோதிரம் ரைசாவின் விரலைவிட்டு நழுவி, உருண்டு, டீக்கெட்டிலின் அடியில் கனலுக்குள் விழுந்தது. பதறிப்போய்க் கையை விட்டான். அவனது மோதிர விரல் பொசுங்கியது.

"ஐயோ, அறிவிருக்கா உங்களுக்கு!" ரைசா வெண்ணெய் தடவித் தோல்வாரைச் சுற்றினாள். "தோல் வேணாம், துணிதான் நல்லது" என்று உடனே அவிழ்த்துத் துணி கட்டினாள். திரும்பி உட்கார்ந்து ஏதோ செய்துவிட்டு, முடிச்சுப் போட்ட ஒரு வாரை நீட்டினாள். "இந்த அளவு தப்பவே தப்பாது."

உருக்க நேரமில்லை. தனக்கென்று வைத்திருந்த வெள்ளிக் கம்பியைத் தட்டி வளைத்து, மூன்றாவது மோதிரத்தோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

அதுவும் அவள் விரலில் லொடலொடவென்று சுற்றியது.

"பெருசு" என்றாள் ரைசா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஒரே நாள்ல மூணு மோதிரம்! என் பேரே போச்சு!" அகாலிக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே இலத்தானின் லாரி விடாமல் ஹாரன் அடித்தது.

மூலையில் ஒட்டகப் பை தைத்துக்கொண்டிருந்த ரைசாவின் அம்மா, வாயிலிருந்த ஊசியை எடுத்தாள்.

"எத்தனை தடவைதான் நானும் டீ போடறது? முதல் வார் என் சுண்டுவிரல், ரெண்டாவது என் கால் கட்டைவிரல். மூணாவது உங்க விரல். போட்டுப் பாருங்க மாப்ள!"