டிஞ்சரும் புது ஃப்ளூவும்

பெங்களூரில் இருந்த கிருமிகளையெல்லாம் தனித்தனியாக, நேரில் பார்த்துப் பழகியவர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் டிஞ்சர்தான். ஒக்கலிபுரத்தில் நாங்கள் ஐந்து பிரம்மச்சாரிகள் குடியிருந்த வீட்டில் அவர்தான் மூத்தவர். ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. உடம்பில் எப்போதும் காயத்துக்குப் போடும் டிஞ்சர் மருந்து வாடை அடித்ததால் வந்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

கதவை முழங்கையால் திறப்பார். பேப்பரை இஸ்திரி போட்டுத்தான் படிப்பார். ஐம்பத்தேழாம் வருஷம் அந்தப் பேப்பரில் புது ஃப்ளூ வந்தது. முதலில் ஹாங்காங், பிறகு சிங்கப்பூர், ஒரு நாள் மெட்ராஸ் துறைமுகம். ஒவ்வொரு ஊராக எங்களுக்கு வாசித்துக் காட்டினார். மெட்ராஸ் மெயில் ரயில் ஊதினால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

"இன்னா சார், ஜலதோஷத்துக்குப் புதுசா பேர் வெச்சு பேப்பர் விக்கறான், அவ்ளோதான்" என்றேன்.

"எழுதறவனுக்கு வியாபாரம்பா. அதுக்காக நோய் பொய்யாயிடுமா?" என்றார்.

நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் வேண்டுமென்றே தும்முவேன். உடனே சட்டையைக் கழற்றி வெந்நீரில் போட்டுவிடுவார். ஒரே நாளில் மூன்று சட்டை போடவைத்தது என் சாதனை.

பிறகு எதிர்வீட்டுத் தையற்காரர் குடும்பம் மொத்தமும் படுத்தது. ஐந்தே நாளில் எழுந்தும்விட்டது. "பாத்தீங்களா சார்" என்றேன். அடுத்த திங்கட்கிழமை, எங்களுக்குச் சமைத்துப்போட்ட ரோசம்மா அக்காவின் தம்பி இருமினான். மில்லில் மூட்டை தூக்குகிற ஆள். வெள்ளிக்கிழமை அவனைக் கல்லறைக்குத் தூக்கிப்போனோம். அதன்பின் வீட்டில் யாராவது தொண்டையைச் செருமினால்கூட மற்றவர்கள் பேச்சு நின்றுபோகும்.

மறுவாரம் எனக்குக் காய்ச்சல். மற்ற மூன்று பேரும் அன்று காலையே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். தப்புச் சொல்லமாட்டேன், நானாயிருந்தாலும் போயிருப்பேன். டிஞ்சரும் காட்பாடிக்குப் பாஸ் வாங்கி, பெட்டியும் கையுமாக என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தண்ணி குடிச்சியா?"

"எழுந்துக்க முடியல சார்."

வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு பெட்டியைக் கீழே வைத்தார். மூக்கிலும் வாயிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு சொம்போடு உள்ளே வந்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே ஊற்றியதில் பாதித் தண்ணீர் என் கழுத்தில் கொட்டியது.

ஐந்து நாள் அவர்தான் கஞ்சி கொடுத்தார். ஐந்து நாளும் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

"பயமா இல்லியா சார்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ரொம்ப பயமா இருக்கு. பேசாம குடி."

நான் எழுந்து நடமாடிய அன்று அவர் படுத்தார். என்னை அண்டவிடாமல் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாகக் கஞ்சி வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். நாலாம் நாள், பாதியாக இளைத்து, அவரே கதவைத் திறந்து வெளியே வந்தார்.

அந்தப் பேப்பர்கள் மிகைப்படுத்தினவா என்று இன்றும் யாராவது கேட்பதுண்டு. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊரில் எல்லோரும் இருமல் சத்தத்துக்குப் பயந்த நாட்கள் அவை. சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நான், உள்ளே டிஞ்சரின் இருமல் நின்றபோதெல்லாம் பயந்தேன்.