நாங்க வெறும் ஏஜென்ட்டுதாங்க

டிக்கெட் எடுக்கும்வரை உங்கள் கூடப்பிறந்த அண்ணனாகவும், விமானம் தவறிய நிமிடத்திலிருந்து மூன்றாம் மனிதராகவும் இருக்கும் ஒரு வகை மனிதர் உண்டு. அவர்தான் பயண ஏஜென்ட். நல்ல ஏஜென்ட்டுகள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்லப்போவது அவர்களுக்கு அடுத்த கடைக்காரரைப் பற்றி.

எங்கள் பக்கத்தில் இவருக்குப் 'பாத்துக்கறேன் அண்ணன்' என்று பெயர். ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஆறடிக்கு எட்டடி அறை. சுவரில் மூன்று கடிகாரங்கள், மூன்று மாநகரங்களின் நேரம், அதில் ஒன்று ஓடுவதில்லை. மேஜையில் ஒரு பிளாஸ்டிக் விமானம், இரண்டு போன். நாற்காலியைச் சுழற்றியபடி அவர் பேசுவதைக் கேட்டால், இவரே காலையில் எழுந்து விமானத்தைக் கழுவித் துடைத்து ஓட்டிக்கொண்டு வருகிறார் என்று தோன்றும். "நம்ம ஃப்ளைட்டு", "நம்ம ஓட்டல்", "நம்ம பைலட்டுங்க எல்லாம் தங்கமானவங்க." மேகம்கூட நம்ம மேகம்தான். இடி இடித்தால் மட்டும் அது வேறு யாருடையதோ.

அண்ணனின் கடைக்கு ஒருநாள் தையற்காரம்மா வந்தார். எங்கள் தெரு முனையில் இருபது வருடமாக ஒரே மிஷினில் தைக்கிறவர், கணவர் இல்லை. ஒரே மகள் வெளிநாட்டில். முதல் பிரசவம். அம்மா பக்கத்தில் இருந்தால்தான் ஆயிற்று என்று மகள் போனில் அழுதிருக்கிறாள். இவரோ விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

"எங்கயாவது மாறி ஏறணுமாண்ணே? எனக்கு அந்த ஊர் பாஷை தெரியாது."

"ஒரே ஒரு இடத்துலதான்மா. இறங்குறீங்க, ஏறுறீங்க. நடுவுல ஒன்றரை மணி நேரம் இருக்கு, ஆற அமர உட்காந்து காப்பி குடிக்கலாம். வாசல்லேருந்து வாசல் வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

இறங்குகிற ஊரும் ஏறுகிற ஊரும் ஒன்றுதான், அதில் பொய் இல்லை. ஆனால் பெரிய ஊர் அது, அதற்கு விமான நிலையம் இரண்டு. அம்மா இறங்கியது ஊருக்கு வடக்கே. ஏற வேண்டிய விமானம் ஊருக்குத் தெற்கே. நடுவே பஸ்ஸில் இரண்டு மணி நேரம். டிக்கெட்டில் இரண்டு நிலையங்களுக்கும் வேறு வேறு குறியீடு தெளிவாக அச்சாகியிருந்தது. அதைப் பார்க்கத்தானே ஐயா உங்களுக்கு அந்தச் சுழல் நாற்காலி?

தையற்காரம்மா கவுண்டர் கவுண்டராக டிக்கெட்டை நீட்டினார். ஒரு பெண் கண்ணாடிக்கு வெளியே, ரொம்பத் தொலைவில் கையைக் காட்டினாள். புரிவதற்குள் விமானம் போய்விட்டது. விடுமுறைக் காலம், அடுத்த இரண்டு நாளைக்கு இருக்கை இல்லை. மாப்பிள்ளையோ மகளோடு ஆஸ்பத்திரியில். அண்ணனுக்குப் போன் போட்டார்.

"அம்மா, நீங்க ஏர்லைன்ஸ்கிட்டப் பேசணும்மா. நாங்க வெறும் ஏஜென்ட்டுதாங்க."

அப்புறம் அந்த இரண்டு போனையும் அவர் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் குழந்தை பிறந்தது. பாட்டியானவர் விமான நிலைய நாற்காலியில், தானே தைத்த குட்டிச் சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலியெடுத்தபோது மகள் போனில் "எங்கம்மா இருக்க?" என்று கேட்டாளாம். "பக்கத்துலதான் கண்ணு, வந்துட்டேன்" என்று சொன்னாராம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அண்ணனின் பிளாஸ்டிக் விமானத்தை எடுத்து அவர் தலையிலேயே இறக்கலாம் போலிருக்கிறது.

ஒருவழியாக மகளிடம் போய்ச் சேர்ந்து, பிறகு ஊர் திரும்பிய தையற்காரம்மா நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார். அண்ணனின் வக்கீல் ரசீதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. தாமதம், ரத்து, தவறவிடுதல், நோய், மழை, போர், மன உளைச்சல், எதற்கும் நிறுவனம் பொறுப்பல்ல. நீதிபதி கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப எதுக்குத்தான் பொறுப்பு?"

அண்ணன் வக்கீலைப் பார்த்தார், வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார்.

"ரெண்டு விமானமும் சரியான நேரத்துக்குத்தான் கிளம்பியிருக்கு. அவங்க மேல தப்பில்ல. இந்த ரெண்டையும் ஒண்ணாச் சேத்து வெச்சது யாரு?"

"கம்ப்யூட்டருங்க ஐயா."

"சேவைக் கட்டணம் வாங்கினதும் கம்ப்யூட்டரா?"

வழியைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான் உம்முடைய சேவை, அதில்தான் குறைபாடு, ரசீதின் பின்பக்கம் உம்மைக் காப்பாற்றாது என்று தீர்ப்பு. டிக்கெட் பணமும் நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னார்கள். படியிறங்கும்போதே அண்ணனின் போன் ஒலித்தது. "கவலையே படாதீங்க சார், நம்ம ஃப்ளைட்டுதான்" என்றார்.

இத்தனை நுணுக்கமாக எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முன்னால் உட்கார எனக்கு முகமில்லை. வழக்குப் போட்ட சமயத்தில் தையற்காரம்மாவுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அண்ணன் வாக்குக் கொடுத்ததைக் காதால் கேட்ட ஆள். அந்தம்மாவை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், "எனக்கு ரொம்ப வேண்டியவரு, கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்" என்று சொல்லி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள். அது நான்தான். வீடு தேடி வந்து கேட்டார்.

"நான் கடையக் காட்டினதோட சரிம்மா. உங்க ரெண்டு பேர் விஷயத்துல நான் எப்படி வர்றது?" என்றேன்.

நான் தைக்கக் கொடுத்திருந்த துணியை அவர் பையிலிருந்து எடுத்துத் தைக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் சாட்சி சொல்லப் போகவில்லை.

என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறீர்களே, நீங்கள் மட்டும் என்ன? "நல்ல டாக்டர்", "தங்கமான மாப்பிள்ளை", "தைரியமா வாங்குங்க, வில்லங்கமில்லாத வீடு" என்று யாருக்காவது கை காட்டிவிட்டிருப்பீர்கள். அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஒருநாளாவது போய்க் கேட்டீர்களா?