மைக்ரோ ஜெராக்ஸ் எடுக்கப்படாது

ஊருக்கு உபதேசம் எழுதி ஒட்டுகிறவன், ஒட்டுவதற்கு முன் அதைத் தானும் ஒருமுறை வாசித்துவிட வேண்டும். நான் வாசிக்கவில்லை. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்குள் இரண்டு அட்டைகள் தொங்கும். ஒன்று, 'மைக்ரோ ஜெராக்ஸ் எடுக்கப்படாது.' பாடத்தைப் பொடி எழுத்தாகச் சுருக்கிப் பிட் தயாரிக்க வரும் பிள்ளைகளுக்கான எச்சரிக்கை. இன்னொன்று என் சொந்த இலக்கியம்: 'பரீட்சைக்கு முந்தின நாள் நோட்ஸ் தேடுகிறவர்கள் உருப்படுவது கடினம்.' (என் கடை உருப்பட்டதே அந்த முந்தின நாள் ஆட்களால்தான். அதை அட்டையில் எழுத முடியுமா?)

இப்படி எழுதி ஒட்ட எனக்கு என்ன தகுதி? பி.ஏ. வரலாறு. அதோடு நின்றுவிட்டது. "அன்னைக்கு மட்டும் எம்.ஏ. சேர்ந்திருந்தேம்னா இந்நேரம் புரொபசர்" என்பது வீட்டில் சோற்றுத்தட்டுக்கு முன் உட்கார்ந்ததும் நான் ஓதும் மந்திரம். அப்பாவுக்கு அப்போது உடம்புக்கு முடியவில்லை, அதனால்தான் சேரவில்லை என்று அதற்கு ஒரு சோகக் கதையும் வைத்திருந்தேன். (அப்பா கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று நான் மத்தியானம் படுத்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன்.)

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இந்த மந்திரத்தை ஓதும்போது என் மகள் சங்கரி போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, ஒங்க பி.ஏ. சர்டிபிகேட் எங்கன இருக்கு?"

"பீரோவுல. எதுக்குட்டி?"

"சும்மாதான்."

மறுநாள் ஒரு தாளை என் கையில் கொடுத்தாள். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. வரலாறு, சனி ஞாயிறு வகுப்பு, முப்பது இடம், நுழைவுத் தேர்வு உண்டு. என் பெயரில் விண்ணப்பம் போயே போய்விட்டது.

"பாஸானா நீங்க புரொபசர் கதைய ஆயுசு முழுக்கச் சொல்லலாம். ஃபெயிலானா அந்த வார்த்தையே இந்த வீட்டுல வரப்படாது. சம்மதமா?"

என் மனைவி கோமதி அடுக்களையிலிருந்தே "சம்மதம்!" என்றாள். அவளை யாரும் கேட்கவில்லை. இருபது வருஷம் கேட்டுக் கேட்டு நொந்த காது அது.

எனக்கு உள்ளுக்குள் ஆசை துளிர்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆசை. அடுத்தவன் நோட்ஸையே பதினெட்டு வருஷம் மெஷின் கண்ணாடி மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தவனுக்கு, சொந்தமாக ஒரு நோட்டு வேண்டும் போலிருந்தது.

இரண்டு மாதம் இருந்தது. முதல் மாதம் டைம்டேபிள் போட்டேன். இரண்டாம் மாதம் அதை லேமினேஷன் செய்தேன். பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. கைடைத் திறந்தால் முந்நூற்றிருபது பக்கம். முதல் பக்கத்திலேயே சிந்துவெளி. நான் எப்போது இந்தக் காலத்துக்கு வந்து சேர?

அப்போது பார்த்துக் கோமதி வந்து நின்றாள்.

"ஏங்க, நீங்க பாஸாகணும்னு நூத்தியெட்டு ஆடிச்சுத்து நேர்ந்திருக்கேன்."

"சுத்து. நல்லாச் சுத்து."

"நான் இல்ல, நீங்கதான் சுத்தணும். அப்படித்தான் நேர்ந்திருக்கேன்."

கொடி ஏறிவிட்டால் கோயில் பிரகாரத்தில் ஊரே சுற்றும், அதுதான் ஆடிச்சுத்து. நூற்றியெட்டு என்றால் கால் கழன்றுவிடும். படிப்பதா, சுற்றுவதா? அம்பாளா, பானிப்பட்டா? அந்த நெருக்கடியில்தான் என் மூளையில் ஒரு பல்பு எரிந்தது. (பியூஸ் போவதற்கு முன் பல்பு கொஞ்சம் பிரகாசமாகத்தான் எரியும்.)

சுற்றிக்கொண்டே படித்தால் என்ன? கைடைத் தூக்கிக்கொண்டு சுற்ற முடியாது. அதனால்... ஆமாம். கடையை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டு, 'எடுக்கப்படாது' அட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, கைடை மைக்ரோ எடுத்தேன். பாதியாகச் சுருக்கி, சுருக்கியதைத் திரும்பவும் பாதியாக்கி, வெட்டி, ஒட்டி, விசிறி மடிப்பாக மடித்து. இருந்த மூன்று நாளில் ஒரு முழு நாள் அதற்கே போனது. ஆனால் வேலை சுத்தம்! முந்நூற்றிருபது பக்கமும் சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது.

மறுநாள் விடியக்காலம் பிரகாரத்தில் முதல் சுற்று. பைக்குள் கைவிட்டு, பெருமையோடு விரித்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. நம் கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணைக் காகிதத்தில் தூவியது போல் இருந்தது. கையை நீட்டிப் பிடித்தேன். இன்னும் நீட்டினேன். முன்னால் போன ஆளின் முதுகில் கை இடித்தது. தோளிலிருந்து கையைக் கழற்றி அடுத்த பிரகாரத்தில் வைத்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. வெள்ளெழுத்து என்பது அடுத்தவர்களுக்கு வருவது என்று நம்பி, கண்ணாடி போடாமல் திரிந்த காலம்.

"என்னங்க, அப்படியே நிக்கீய?" என்றாள் பின்னால் வந்த கோமதி.

"எழுத்து... கொஞ்சம் பொடியா விழுந்திருச்சு."

அவள் வாங்கிப் பார்த்தாள். கரண்ட் போன நேரத்தில் ஊசியில் நூல் கோக்கும் கண் அது. நடந்துகொண்டே வாசிக்க ஆரம்பித்தாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். வரலாற்றை வரலாறாக வாசிக்கத் தெரியாதவள்.

"பானிப்பட்டுல மூணு சண்டையாம். ஒரே எடத்துல மூணு தடவையா? நம்ம தெருக் கொழாயடி மாதிரில்லா இருக்கு! மொத சண்ட 1526. ஏங்க, இது நம்ம பழைய வண்டி நம்பருல்லா?"

"நீ வாசி, கத சொல்லாத."

"ஒரு ராசா பெத்த தகப்பனையே கோட்டைக்குள்ள பூட்டி வச்சானாம். ஒங்க பெரியண்ணன் பரவால்ல, ஒங்கப்பாட்ட பீரோ சாவிய மட்டுந்தான் வாங்கிக்கிட்டாரு. அடுத்தது குப்தர் காலம். பொற்காலமாம். இருக்கும் இருக்கும், அப்ப நகைக்கடை வெளம்பரம் இல்லல்லா."

இப்படியே இரண்டு நாளில் நாற்பத்து மூன்று சுற்று. குதிகாலெல்லாம் வரலாறு.

பரீட்சை நாள். ராசியான சட்டை என்று பிரகாரம் சுற்றிய அதே சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கல்லூரி வாசலில் வரிசை. வரிசை முழுக்க என் மகள் வயசுப் பிள்ளைகள். நுழைவாயிலில் நின்ற இளம் விரிவுரையாளர் என்னைப் பார்த்ததும், "சார், பேரண்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் நிக்கணும்" என்றார்.

"நான் பேரண்ட்தாம்மா. ஆனா பரீட்சையும் நாந்தான் எழுதப்போறேன்."

ஹால் டிக்கெட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பைல உள்ளதெல்லாம் எடுத்து வைங்க சார்" என்றார். கைவிட்டேன். பேனா வந்தது. விபூதிப் பொட்டலம் வந்தது. அதற்குப் பின்னால், கோயில் மணி மாதிரி ஆடிக்கொண்டு, முந்நூற்றிருபது பக்கமும் விசிறி விசிறியாக வெளியே வந்தன.

வரிசையின் பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல்.

"ஐயோ, எங்க ஊரு ஜெராக்ஸ் அண்ணாச்சி! மைக்ரோ கேட்டா எங்கள அடிக்க வருவாருல்லா!"

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளட்டும் என்று நின்றேன். பூமிக்கு அன்று வேறு வேலை.

முதன்மைக் கண்காணிப்பாளர் வந்தார். ஐம்பது தாண்டியவர், பெரிய மீசை.

"என்னவே இது? நரைச்ச தலைய வச்சிக்கிட்டு, வயசுக்கு ஏத்த வேலையா? உள்ள விட முடியாது, போம்."

போனால் கதை முடிந்தது. புரொபசர் என்ற வார்த்தை போகும். பிட் அண்ணாச்சி என்ற பட்டம் எனக்கு முன்னாடியே பஸ் பிடித்து ஊர் போய்ச் சேரும். என் பயம் எல்லை தாண்டி, உண்மையைப் பேச ஆரம்பித்துவிட்டது.

"சார், இத வச்சு நான் காப்பியடிக்க முடியாது. என்னால வாசிக்கவே முடியாது. வேணும்னா டெஸ்ட் பண்ணிப் பாருங்க!"

அவர் ஒரு மடிப்பை விரித்துக் கொடுத்தார். "வாசியும்."

கையை நீட்டினேன். இன்னும் நீட்டினேன். கண்ணைச் சுருக்கினேன். "இது... தலைகீழா இருக்கா சார்?"

"கொண்டாரும் இங்க" என்று அவர் பிடுங்கினார். அவரும் கையை நீட்டினார். பின்னால் ஒரு எட்டு வைத்தார். கண்ணாடியை மேலே தூக்கினார், கீழே இறக்கினார். கடைசியில் அந்த விரிவுரையாளரிடம் கொடுத்து, "என்னம்மா எழுதியிருக்கு?" என்றார்.

"பானிப்பட்டுப் போர்கள், சார்."

என்னிடம் திரும்பினார். "சொல்லும் பாப்போம்."

"ஒரே எடத்துல மூணு தடவ சார். கொழாயடிச் சண்ட மாதிரி. மொதல்ல 1526, அது எங்க பழைய வண்டி நம்பரு. அப்புறம் 1556. கடைசி 1761."

வரிசை வெடித்துச் சிரித்தது. மீசைக்கு அடியிலும் ஏதோ அசைந்தது.

"எங்கவே படிச்சீரு இத?"

"ஆடிச்சுத்துல, சார். வீட்டம்மா வாசிச்சா."

"இது இங்கனயே இருக்கும், போறப்ப வாங்கிக்கிடும்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "இவ்வளவு பொடிசா எப்படிவே எடுத்தீரு?" என்று கேட்டார். மானம் போன நேரத்திலும் தொழில் என்னைக் கைவிடவில்லை.

உள்ளே உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோனது. மேஜைக்குக் கீழே காலை மெதுவாக நடக்கிற மாதிரி ஆட்டிப் பார்த்தேன். காதுக்குள் கோமதி வாசிக்கத் தொடங்கினாள். தகப்பனைப் பூட்டிய ராசா வந்தான், நகைக்கடை இல்லாத பொற்காலம் வந்தது. பக்கத்து பெஞ்சுப் பையன் மேஜை ஆடுது என்று புகார் சொல்லும்வரை வண்டி நிற்கவில்லை.

முடிவு வந்தது. முப்பது இடத்தில் பதினோராவது! கோமதி வந்து பார்த்துவிட்டு, "மிச்சம் அறுபத்தஞ்சு சுத்து இருக்கு, வேட்டியக் கட்டுங்க" என்றாள். சுற்றி முடித்தேன். இரண்டு வருஷம் சனி ஞாயிறு பஸ் ஏறி எம்.ஏ.வையும் முடித்தேன். (இன்னும் புரொபசர் ஆகவில்லை. ஆனால் கதை சொல்லும் உரிமை என்னுடையது.) வீட்டில் நான் எதையாவது மறந்தால், "ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, ஞாபகம் வரும்" என்கிறார்கள். அசிங்கம் என்னவென்றால், வந்துவிடுகிறது.

அந்த மைக்ரோ தாளில் ஒரு மடிப்பை லேமினேஷன் செய்து, 'எடுக்கப்படாது' அட்டைக்குக் கீழே தொங்கவிட்டிருக்கிறேன். பிட் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அந்தக் கதைதான் கிடைக்கும். போன வாரம் கடைக்கு வந்த கோமதி அதை எடுத்துப் பார்த்தாள். கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளினாள். பிறகு ஒன்றும் நடக்காதது போல ஆணியில் மாட்டப் போனாள்.

விடுவேனா? நாலு வருஷமாகக் காத்திருந்தவன்.

"ஏட்டி சங்கரி!" என்று கடைக்குள்ளே இருந்த மகளைப் பார்த்துக் கூவினேன். "ஒங்கம்மாவ அந்தப் பக்கம் பேரண்ட்ஸ் வரிசையில நிக்கச் சொல்லு!"