தொட்டியில்லா நகரத்தில் ஒரு மெத்தை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதைக் கொடுத்தாலும் திருப்தி கிடையாது. எங்கள் எல்லையோர நகரத்தையே பாருங்கள். எந்த ராஜாவுக்கும் தோன்றாத காரியத்தைச் செய்து முடித்திருக்கிறது: தெருவிலிருந்த குப்பைத்தொட்டிகளை மொத்தமாகத் தூக்கிவிட்டது. தொட்டி இல்லை, ஆகவே குப்பையும் இல்லை. 'தொட்டியில்லா நகரம்' என்று கேடயம்கூட வாங்கியாயிற்று. இதைக் கொண்டாடாமல், தீர்த்தகிரி என்ற கிழவர் மட்டும் டிவிஎஸ் வண்டியின் பின்னால் ஒரு மெத்தையைக் கட்டிக்கொண்டு அலைந்தார்.

அவருடைய மச்சான் குருமூர்த்தி மாசக்கணக்கில் படுத்துக் கிடந்து உயிரை விட்ட மெத்தை. இந்த நேரம் பார்த்து தீர்த்தகிரியின் மகள் சுஜாதாவுக்குப் பிரசவம். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி நாகம்மாதான் நகரவில்லை.

"எங்கண்ணன் செத்த மெத்தை கெடக்கிற ஊட்டுக்குப் பச்சப்புள்ளைய தூக்கியாற மாட்டேன். அத மொதல்ல தொலைச்சிட்டு வா."

சொந்தக் கிராமமான கெலவரப்பள்ளியில் இருந்தவரை இதெல்லாம் சுடுகாட்டோரம் போட்டுக் கொளுத்துகிற வேலை. இங்கே சுடுகாடு கரண்டில் ஓடுகிறது.

"பாடி எங்க?" என்றான் அங்கிருந்தவன்.

"பாடி போன வாரமே வந்துட்டுப் போயிருச்சு. இது மெத்தை."

"மெத்தைக்கு டெத் சர்டிபிகேட் இருக்கா?"

குப்பை வண்டி ஜோதிமணியாவது நியாயம் பேசினாள். "மக்குமா, மக்காதா? அதச் சொல்லு தாத்தா."

"பஞ்சு மக்கும். மேல இருக்கிற ரெக்சின் மக்காது."

"கலந்து வாங்கக் கூடாதுன்னு ஆர்டரு. பிரிச்சுக் குடு."

"எங்க மச்சானையே இப்பத்தாம்மா அதுலருந்து பிரிச்சோம்!"

எல்லை தாண்டி, கர்நாடகாவின் அத்திப்பள்ளிப் பக்கம் தள்ளிவிடலாமா என்று ஒரு ஆட்டோக்காரரைக் கேட்டார். "பேடா, வேணாம் தாத்தா," என்றார் அவர். "அவங்க கொண்டாந்து கொட்டறதே இங்கதான்."

கடைசியில் வார்டு ஆபீஸ். அதிகாரி ஹரீஷ்குமார் மரியாதை தெரிந்தவர். வெளியே வந்து மெத்தையைப் போனில் படம் எடுத்தார், ஏதோ தட்டினார், சிரித்தார்.

"உங்க புகார் தீர்க்கப்பட்டு விட்டது ஐயா."

தீர்த்தகிரி திரும்பிப் பார்த்தார். மெத்தை வண்டிமேலேயே இருந்தது.

"இருக்குதே தம்பி?"

"மெத்தை இருக்கு. புகார் இல்லை."

இப்பேர்ப்பட்ட 'துரித நடவடிக்கை'க்கு நன்றி சொல்லக்கூடத் தெரியாத கிழவர், ஒண்ணுக்குப் போக ஆபீசுக்குப் பின்பக்கம் போனார். போனவர் அப்படியே நின்றார். மதில் உயரத்துக்குப் பச்சைத் தொட்டிகள். ஊரிலிருந்து தூக்கியவை அத்தனையும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மெத்தையை அவிழ்த்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார்.

ஹரீஷ்குமார் அலறியடித்து ஓடிவந்தார். "ஐயோ, அதுல குப்பை போடாதீங்க!"

"தொட்டியில குப்பை போடாம, பின்ன வெத்தலையா வெப்பாங்க?"

"அது தொட்டி இல்லைங்க ஐயா, குப்பை! தூக்கினதை எங்க போடறதுன்னு ரூல் இல்லை. மீட்டிங் மேல மீட்டிங் போட்டுக்கிட்டிருக்கோம்."

"அப்ப மெத்தை சேர வேண்டிய எடத்துக்குத்தான் வந்திருக்கு." கிழவர் மூச்சுப் பிடித்து மெத்தையைக் குவியல்மேல் தள்ளினார்.

"உங்களுக்கே தெரியாதா ஐயா? முன்னைக்கு இப்ப ஊர் எவ்வளவு சுத்தம்! நம்புங்க ஐயா!"

"எப்படி நம்பறது? ஊரக் கூட்டி உங்க முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கீங்க. அதுக்கொரு கேடயம் வேற!"

ஹரீஷ்குமார் இன்னும் ஏதோ விளக்கிக்கொண்டிருக்க, தீர்த்தகிரி தலையை ஆட்டியபடி, பேத்தியைப் பார்க்க ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியை விட்டார்.